எண்ணெய் குடித்த கருங்காலி

என் மனைவியின் தம்பிக்குப் பிசுக்கு என்று பெயர் வைத்தது நான்தான். பெற்றவர்கள் வேறு ஏதோ வைத்திருந்தார்கள். அது அவனிடம் நிற்காமல் வழுக்கி விழுந்துவிட்டது. விரல்களில் அப்படி ஓர் எண்ணெய்ப் பசை. சோப்புப் போட்டுக் கழுவினால் சோப்புதான் அழுக்காகும். முன்பு அவன் வேலை பார்த்த அலுவலகத்தில் விரல்ரேகை பார்த்து ஆளை உள்ளே விடுகிற கருவி ஒன்று இருந்தது. இவன் விரல் வைத்த அன்று அதற்குக் கண் மறைத்துப் போனது. அதன்பிறகு யார் வந்தாலும் அவன் பெயரையே சொல்லி வரவேற்றதாம். மேலாளரையும் சேர்த்து.

அப்படிப்பட்டவன் வேலையை விட்டுவிட்டுக் கிட்டார் வாசிக்கப் போனதில் எல்லோருக்கும் வருத்தம், எனக்கு மட்டும் இல்லை. நான் கம்பி வாத்தியங்களைப் பழுதுபார்க்கிற கடை வைத்திருக்கிறேன். கிட்டாரின் கழுத்தில் விரல் பதிகிற பலகை இருக்கிறதே, அதற்குத்தான் முதலில் அழுக்கு வரும். வியர்வையும் தோலும் தூசியும் சேர்ந்து, குறுக்கே போகும் ஃப்ரெட் கம்பிகளின் ஓரத்தில் கறுப்பாக வரப்பு கட்டும். கம்பிகளைக் கழற்றி, ஃப்ரெட்டுகளுக்கு டேப் ஒட்டி, பழைய பிளாஸ்டிக் அட்டையால் அந்த வரப்பைச் சுரண்ட வேண்டும். பிறகு மிக மெல்லிய இரும்புப் பஞ்சால் மரத்தின் ரேகை போகும் திசையிலேயே தேய்க்க வேண்டும். பிறகு எலுமிச்சை எண்ணெய் சில சொட்டு. மரம் வேண்டியதைக் குடித்ததும் மீதியைப் பழைய பனியன் துணியால் துடைத்துவிட வேண்டும். அவ்வளவுதான் வித்தை. பிசுக்கின் பலகையில் சுரண்டியதை ஒருமுறை ஜன்னல் ஓரம் கொட்டி வைத்தேன். அதில் ஒரு செடி முளைத்து, நான் தண்ணீர் ஊற்ற மறந்தும் பூத்தது.

ஒருநாள் அவன் வேறொரு கிட்டாரோடு வந்தான். கறுப்புப் பெட்டி, மூலைகளில் தோல் உரிந்திருந்தது.

"பழசு ஒண்ணு கிடைச்சுது, அத்தான். வாசிச்சிட்டிருந்தவர் போயிட்டார். அவர் வீட்டம்மா வீட்டைக் காலி பண்றாங்க, சும்மாவே எடுத்துக்கோங்கன்னு கொடுத்துட்டாங்க."

"சும்மா கொடுத்தா ஏதோ இருக்கு."

"உங்களுக்கு எல்லாத்துலயும் ஏதோ இருக்கும்."

பெட்டியைத் திறந்தேன். உடம்பில் குறையில்லை. ஆனால் விரல்பலகை கருங்காலி. கறுப்பாக இருக்க வேண்டியது சாம்பல் நிறத்தில் இருந்தது. நடுவே முடி முடியாக வெடிப்பு. மரம் சுருங்கியதால் ஃப்ரெட் முனைகள் இரண்டு பக்கமும் பல்லிளித்தன. விரல் வைத்துப் பார்த்தேன். விரல் ஒட்டிக்கொண்டது போல இருந்தது, உடனே எடுத்துவிட்டேன்.

"நல்லா காய்ஞ்சிருக்குடா. எண்ணெய் காட்டியே பல வருஷம் ஆகியிருக்கும்."

"அந்த வீட்டம்மாகூடச் சொன்னாங்க, எண்ணெய் கிண்ணெய் எதுவும் போடாதீங்க, அப்படியே இருக்கட்டும்னு."

"ஏனாம்?"

"கேக்கலை. லாரி வந்துடுச்சு."

வாசிக்கிறவரின் மனைவிக்கு வாத்தியத்தின் மேல் எவ்வளவு கோபம் இருக்கும் என்று தொழிலில் இருக்கிற எனக்குத் தெரியாதா? எண்ணெயை மிச்சம் பிடித்து வஞ்சம் தீர்த்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். மேலும் என் கடைக்கு ஒரு வழக்கம் உண்டு. எண்ணெய் பலகையின் மேல் நிற்கிற வரைக்கும் விட வேண்டும். நின்றால்தான் அதன் வயிறு நிறைந்தது என்று பொருள். அதுவரை எந்தப் பலகையும் என் மேசையை விட்டு எழுந்து போனதில்லை.

பிசுக்கை அனுப்பிவிட்டு வேலையை ஆரம்பித்தேன். சுரண்ட எதுவுமே இல்லை. வாசித்த பலகையில் ஒரு பொட்டு அழுக்குக்கூட இல்லாதது எனக்குப் புதிது. முதல் சொட்டு விழுந்தது, காணோம். பரப்பக்கூட நேரம் கொடுக்கவில்லை. அடுத்ததும் அப்படியே. காதைக் கிட்டே கொண்டு போனேன். சூடான கல்லில் தண்ணீர் பட்டாற்போல, ஆனால் மிக மெல்லிதாக, ஒரு சத்தம். மரியாதையில்லாமல் உறிஞ்சுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. இருந்தாலும் வாடிக்கையாளரின் சொத்து. சொட்டுச் சொட்டாக விட்ட நான், பிறகு புட்டியைச் சாய்த்துப் பிடித்தேன். அந்தப் புட்டி வழக்கமாக எனக்கு ஒரு பருவம் முழுக்க வரும். தீர்ந்தது. அலமாரியிலிருந்து அடுத்ததை எடுத்தேன்.

நிமிர்ந்து பார்த்தபோது கடை கொஞ்சம் மாறியிருந்தது. கிண்ணத்தில் ஊறிக்கொண்டிருந்த பஞ்சு பிஸ்கட் மாதிரி விறைத்துக் கிடந்தது. பசைச் சட்டியில் பசை வெடித்திருந்தது. நான் பாதி குடித்து வைத்த டீ, தம்ளரின் அடியில் பழுப்புத் தூளாகக் கிடந்தது. அதையாவது விட்டு வைத்திருக்கலாம். எனக்குக் கண் சிமிட்டும்போது கரகரவென்றது.

ஒருவழியாகக் கடைசி சொட்டு பலகையின் மேல் நின்றது. பளபளவென்று கறுத்து, வெடிப்புகள் மூடி, பல்லிளித்த ஃப்ரெட் முனைகள் உள்ளே போய், பார்க்க அழகாகத்தான் இருந்தது. துடைக்கத் துணியை எடுத்தேன். துணி படுவதற்குள் அந்தச் சொட்டும் போய்விட்டது. நின்றதா நின்றது, அதற்கு மேல் நான் பொறுப்பில்லை என்று பெட்டியை மூடினேன்.

பிசுக்கு வந்து அதை எடுத்துப்போன பிறகு கொஞ்ச நாள் ஆளையே பிடிக்க முடியவில்லை. அவன் வாசிக்கிற குழு ஒரு ஹோட்டல் கூடத்தில் மாலை நேரங்களில் நிகழ்ச்சி நடத்தும். குழுவை நடத்துகிற கீபோர்டுக்காரர் அவனைத் தூணுக்குப் பின்னால்தான் உட்கார வைப்பார். நிகழ்ச்சி நடுவே அவனைத் திரும்பிப் பார்த்தால் ஒரே ஒரு காரணம்தான், சத்தத்தைக் குறைக்கச் சொல்ல. அப்படி இருந்தவனை இப்போது முன்வரிசையில் நிற்க வைத்துத் தனியாக விளக்கும் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டோம். என் மனைவிக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம், "என் தம்பி வாசிச்சா ஜனங்க சாப்பிடறதையே நிறுத்திடறாங்களாம்" என்றாள். "ஹோட்டல்காரர் ஒத்துக்கிட்டாரா?" என்று அந்த அம்மாள் கேட்டதுதான் கொஞ்சம் இடறியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தான். அவனுக்கென்று என் மனைவி தனியாக ஒரு துண்டு வைத்திருப்பாள், வேறு யாரும் அதைத் தொடக்கூடாது. அன்று அவன் கை துடைத்த பிறகு அவள் அதை எடுத்துப் பார்த்தாள். வெள்ளையாக இருந்தது. அவன் தண்ணீர் குடித்து வைத்த கண்ணாடித் தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"டேய், என்னடா இது? உன் விரல் அச்சைக் காணோம்?"

"சுத்தமா இருந்தாலும் திட்டு. அழுக்கா இருந்தாலும் திட்டு."

"கையைக் காட்டு."

"சாப்பிடறேன்ல."

"இடது கையால யாருடா சாப்பிடறா? காட்டுடா."

அவன் மேசைக்கடியில் வைத்திருந்த இடது கையை மெல்ல எடுத்தான். எடுக்கும்போதே மோதிரம் கழன்று சோற்றில் விழுந்தது. நான் நிறைய பழைய வாத்தியங்களைப் பார்த்தவன். அந்த விரல்களைப் பார்த்ததும் எனக்கு உடனே என்ன நினைவு வந்தது என்பதைச் சாப்பாட்டு மேசையில் சொல்லவில்லை. தோல் சாம்பல் பூத்து, ரேகைகள் வெடித்து, நகங்கள் மட்டும் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டிருந்தன. அவன் சொடக்குப் போட்டுக் காட்டினான். சுள்ளி முறிகிற சத்தம்.

"வலிக்கலையாடா?" என்றாள் என் மனைவி. குரல் இறங்கிவிட்டது.

"வலிக்கவே இல்லைக்கா. மெலிஞ்சதுல விரல் என்னமா ஓடுது தெரியுமா? முன்னே எட்டாத இடமெல்லாம் எட்டுது. அன்னிக்கு வாசிச்சு முடிச்சதும் ஒரு பெரியவர் எந்திரிச்சு நின்னு அழறாருக்கா. எனக்காக யாராவது எந்திரிச்சு நின்னிருக்காங்களா இதுவரைக்கும்?"

"பஸ்ல நின்னிருக்காங்க, உன் பக்கத்துல உக்கார முடியாம" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

"ரெண்டு நாள் வாசிக்காம இருடா தம்பி. டாக்டர்கிட்ட காட்டலாம்."

"கீழ வெச்சா கை நமைக்குதுக்கா. எடுத்தாத்தான் அடங்குது."

அவன் போனதும் அவள் என்னிடம் திரும்பினாள். மோதிரத்தைக் கழுவிக் கையில் வைத்திருந்தாள்.

"என்னங்க, அதுக்கு நீங்கதானே எண்ணெய் ஊத்துனீங்க?"

"தொழில்முறைப்படி..."

"அந்த அம்மா வேண்டாம்னு சொல்லியும் ஊத்துனீங்க. ஊத்திப் பழக்கிவிட்டவரே நிறுத்தவும் செய்யணும். என் தம்பிக்கு அந்தக் கை வேணும். எப்படின்னு எனக்குத் தெரியாது."

மறுநாள் காலை பிசுக்கிடம் கிட்டாரைக் கொடுத்த அம்மாளின் போன் நம்பரை வாங்கிக் கூப்பிட்டேன். நான் யார், எதற்குக் கூப்பிடுகிறேன் என்று சொல்லி முடிக்குமுன் அவர் கேட்டார்.

"எண்ணெய் போட்டீங்களா?"

"கொஞ்சம்."

"கொஞ்சம்னா?"

"ரெண்டு புட்டி."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. உட்கார்ந்துகொண்டார் போலிருக்கிறது.

"அதைக் காய வெக்க நாங்க பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது. பீரோ மேல, அடுப்புக்குப் பக்கத்துல, மொட்டை மாடியிலன்னு மாத்தி மாத்தி வெச்சு, சாம்பல் நிறம் வந்தப்புறம்தான் நாங்க நிம்மதியா மூச்சு விட்டோம். நாக்கு ஒட்டிக் கிடந்தவரைக்கும் யாரு தொட்டாலும் அது கண்டுக்கலை. எழுப்பிட்டீங்களே."

"பிடுங்கி வெச்சிடலாமா?"

"நாங்களும் பிடுங்கி வெச்சோம். தேடி எடுத்துக்கிட்டாரு."

"ஒளிச்சு வெச்சா?"

"அப்பவும்தான். பூட்டுனா, பூட்டை உடைச்சாரு. இடது கை முடிஞ்சதும் வலது கையால பிடிக்கக் கத்துக்கிட்டாரு. நல்லாவே வாசிச்சாரு, அதையும் சொல்லணும்." பிறகு, "உங்க ஆளுக்கு இப்ப எந்தக் கை?" என்றார்.

"இடதுதான்."

"அப்ப நேரம் இருக்கு" என்று வைத்துவிட்டார்.

பிடுங்கினால் பயனில்லை. எரிக்கலாம் என்றால், எண்ணெய் குடித்த மரம் எரியும்போது பக்கத்தில் நிற்க எனக்குத் தைரியமில்லை. குடிக்கிறவன் வாயை மூட ஒரு வழிதான் எனக்குப் பட்டது. வெளிர் நிற மேப்பிள் மரப் பலகைகளுக்கு மேலே கெட்டியாக வார்னிஷ் பூசி விடுவார்கள், அவற்றுக்குள் எண்ணெயும் போகாது, வியர்வையும் போகாது. கருங்காலிக்கு யாரும் அப்படிச் செய்வதில்லை. செய்தால் மற்ற பழுதுபார்ப்பவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், பலருக்குப் பல்லே இல்லை.

கம்பி மாற்றித் தருகிறேன் என்று பிசுக்கை வரச் சொன்னேன். மதியம் வந்தான். அன்று மாலை ஹோட்டலில் பெரிய நிகழ்ச்சி, யாரோ வெளியூரிலிருந்து அவனைக் கேட்கவே வருகிறார்களாம். பெட்டியைக் கொடுத்தானே தவிர, கடையை விட்டுப் போகவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு, இடது கையைப் பைக்குள் செருகிக்கொண்டு உட்கார்ந்தான்.

"கம்பி மாத்தறதுக்கு எதுக்கு அத்தான் லைட்டர் பெட்ரோல்?"

"பேசாம இரு. உன் அக்கா உத்தரவு."

அவனுக்குப் புரிந்துவிட்டது. எழுந்திருப்பான் என்று நினைத்தேன், எழவில்லை. பையிலிருந்து கையை எடுத்துத் தானே ஒருமுறை பார்த்துக்கொண்டான். "செய்ங்க" என்றான், மிகவும் சின்னக் குரலில். அந்தக் குரலில் அவனை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

பெட்ரோலால் துடைத்தேன். மேலே இருக்கிற எண்ணெய்ப் பசை போனால்தான் எதுவும் ஒட்டும். அது பெட்ரோலையும் குடித்தது. வார்னிஷ் பூசினேன், முதல் பூச்சைக் குடித்தது, இரண்டாம் பூச்சையும் குடித்தது, மூன்றாவதற்கு வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. டிராயரைத் திறந்து, கண் மூடித் திறப்பதற்குள் ஒட்டுமே அந்தப் பசை, உடைந்த பலகைகளின் பிளவை நிரப்ப வைத்திருப்பது, அத்தனை குப்பியையும் எடுத்தேன். இரண்டு ஃப்ரெட்டுகளுக்கு நடுவே இருக்கிற இடம்தான் ஒரு கட்டம், அப்படிக் கட்டம் கட்டமாக விட்டுக்கொண்டே போனேன். அது ஆசையாகத்தான் உறிஞ்சியது. ஏழெட்டுக் கட்டம் தாண்டியதும் உறிஞ்சுவது நின்றது. பலகைக்குள் ஏதோ ஒன்று புடைத்து, முட்டையை விழுங்கிய பாம்பின் தொண்டை மாதிரி கழுத்து நெடுக மேலே வந்தது. மேசை ஆடியது. சுவரில் தொங்கிய கிட்டார்கள் எல்லாம் கம்பி இல்லாதவை உட்பட ஒரே சுருதியில் முனகின. புடைப்பு நுனிவரை வந்தது, வழியில்லாமல் திரும்பிப் போனது, அடங்கியது.

மேலே பசை கண்ணாடியாக நின்றது. தேய்த்துச் சமன் செய்து, மெருகு போட்டு, புதுக் கம்பி கட்டினேன். ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பார்த்தேன். உருண்டது. குறுக்கும் நெடுக்குமாக உருண்டு கீழே விழுந்தது. இவ்வளவு அழகான காட்சியை நான் பார்த்ததில்லை.

"இந்தா, வாசி."

வாசித்தான். ஓட்டைப் பெட்டியைத் தட்டினாற்போலச் சத்தம். பழைய பிசுக்கு வாசிப்பானே, தூணுக்குப் பின்னாலிருந்து, அதே வாசிப்பு. நான் கைதட்டினேன்.

"அத்தான், இங்க பாருங்க."

சுட்டுவிரல் நுனியைக் காட்டினான். வெடிப்பின் நடுவே ஊசிமுனை அளவு ஈரம் கசிந்திருந்தது. எண்ணெய்தான். அதைச் சட்டையில் துடைத்தான். சட்டையில் கறை பட்டது. என் மனைவிக்குக் கறையோடு அந்தச் சட்டையையே கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்று தோன்றியது.

"பிழைச்சுதுடா கை" என்றேன்.

அவன் தலையாட்டினான். இன்னொரு முறை வாசித்துப் பார்த்தான். இன்னொரு முறை. ஒவ்வொரு முறையும் அவன் முகம் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் போனது, தூணுக்கு அப்பால். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான்.

"வந்திருக்கறவங்க என்னைக் கேக்கத்தான் வந்திருக்காங்க, அத்தான்."

"கேட்டுட்டுப் போகட்டும். கை இருந்தா நாளைக்கும் வாசிக்கலாம்."

"இந்த மாதிரி வாசிக்க நாளைக்கு எதுக்கு?"

சுத்தம் செய்வது பற்றித்தான் எனக்குத் தெரியும், வாசிப்பது பற்றித் தெரியாது. அவன் என் மேசை மேலிருந்த பிளேடை எடுத்தான்.

"ஒரே ஒரு கட்டம். அதுலயும் நகம் அளவுக்கு. சுண்டுவிரலுக்கு மட்டும்."

"டேய்."

"சுண்டுவிரலால எனக்கு என்ன ஆயிட்டுது இதுவரைக்கும்? காதைக் குடைஞ்சிருக்கேன். மீதி நாலும் பத்திரமா இருக்கும். நீங்க அடைச்ச அடைப்பு நல்ல அடைப்பு, குறையே சொல்ல மாட்டேன்."

சுரண்ட ஆரம்பித்தான். நான் அவன் கையைப் பிடித்தேன். பிடித்த இடத்தில் சருகைப் பிடித்தாற்போல நொறுங்குகிற சத்தம் வந்தது, விட்டுவிட்டேன். மழுங்கிய பிளேடால் சுரண்டினால் பலகை கீறிவிடும். பிறகு எந்த மெருகிலும் சரியாகாது. அதனால் புது பிளேடு ஒன்றைப் பிரித்து நான்தான் கொடுத்தேன்.

அப்போது போன் அடித்தது. என் மனைவி.

"என்னங்க, முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. விரல்ல ஈரம் வந்திடுச்சு."

அவள் அழுவது கேட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பூரா அடைச்சிட்டீங்களா?" என்றாள்.

"ஒரு நகம் அளவு பாக்கி."

"அதை எப்ப அடைப்பீங்க?"

போனைக் கையால் மூடிக்கொண்டு அவனைப் பார்த்தேன். சுரண்டிய பொடியை ஊதிவிட்டு, அந்த இடத்தில் சுண்டுவிரலை வைத்து ஒரு கம்பியைத் தட்டினான். நன்றாகத்தான் இருந்தது. அவனுக்குப் போதவில்லை. சுண்டுவிரலை எடுத்துவிட்டு மோதிரவிரலை வைத்துத் தட்டினான். தலையை ஒருபக்கம் சாய்த்துக் கேட்டான். பிறகு அதையும் எடுத்துவிட்டு, சற்றுமுன் ஈரம் கசிந்த சுட்டுவிரலை வைத்தான்.

கடையில் இருந்த எனக்கே எழுந்து நிற்க வேண்டும் போலிருந்தது.

"அத்தான்," என்றான், கண்ணைத் திறக்காமலே, "இதுதான் நல்லா பேசுது."